பிளாட்டினம் இல்லாமல்

ஜனவரி 4, ஞாயிறு

பிரமிளா வேலை பார்க்கும் வங்கியில் கொடுத்த டைரி இது. வழக்கமாக மகள் ஆதிரை யானை வரைந்தே தீர்த்துவிடுவாள். இந்த வருஷம் எனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"நீங்களா எழுதப் போறீங்க? பொங்கல் வரைக்கும் தாங்குமா?" என்றாள் பிரமிளா.

தாங்கும் என்றுதான் நினைக்கிறேன். மே மாதம் தீசிஸ் கொடுத்துவிட வேண்டும். என்ஜினியரிங் கல்லூரி வேலையை விட்டுவிட்டு, முப்பத்தாறு வயதில் மறுபடியும் மாணவனாகத் திரிகிறவனுக்கு இது கடைசி ஓட்டம். எப்படி ஓடினேன் என்று பிறகு படித்துப் பார்க்க ஆசை.

சாயங்காலம் மாவு அரைத்தேன். உளுந்து நன்றாகப் பொங்கி வந்தது.

ஜனவரி 10, சனி

பள்ளி லீவு. இரண்டாம் சனி லீவிலும் பிரமிளாவுக்கு வங்கியில் வேலை. ஆதிரையை லேபுக்குக் கூட்டிப்போனேன். ஏழு வயதுக்காரியை அமிலம் இருக்கும் இடத்தில் விடக் கூடாதுதான். கண்ணாடி போட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லித் தூர நிற்க வைத்தேன்.

மின்சாரத்தைப் போட்டதும் கறுப்புத் துணித் துண்டிலிருந்து குமிழ் குமிழாக வந்தது.

"அப்பா, இது சோடாவா?"

"இல்லட்டி. ஹைட்ரஜன். தண்ணிக்குள்ள இருந்து பிரிஞ்சு வருது."

"அதை வச்சு என்ன செய்ய?"

"எரிக்கலாம். வண்டி ஓட்டலாம். எரிஞ்சா புகை வராது, மறுபடியும் தண்ணியா ஆயிரும்."

"அப்போ எல்லாரும் செய்யலாம்லா? ஏன் செய்யல?"

இதற்குப் பதில் சொல்லத்தான் நான் மூன்று வருஷமாகப் படிக்கிறேன். அமிலம் கலந்த தண்ணீரில் இரண்டு முனைகளை இறக்கி மின்சாரம் விட்டால் ஒன்றில் ஹைட்ரஜன், இன்னொன்றில் ஆக்சிஜன். பள்ளிக்கூடப் பாடம். ஆனால் மின்சாரத்தை வீணாக்காமல் ஹைட்ரஜன் எடுக்க வேண்டுமென்றால் அந்த முனையில் பிளாட்டினம் வேண்டும். அதற்கு இணையான வினையூக்கி கிடையாது. உலகத்தில் இருக்கிற பிளாட்டினத்தை எல்லாம் சுரண்டி எடுத்தாலும் எல்லா ஊருக்கும் போதாது. அதனால்தான் மலிவான உலோகங்களைத் தேடுகிறோம். என்னுடையது கோபால்டும் பாஸ்பரஸும். கார்பன் நூலில் நெய்த துணியின் மேல் அதை வளர்க்கிறேன்.

இதை எல்லாம் முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "பசிக்கி" என்றாள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பால் பிரமிளா பக்கம் பொங்கியது. அவளுக்குத்தான் நல்ல வருஷம் என்று ஆதிரை தீர்ப்புச் சொன்னாள்.

ஜனவரி 21, புதன்

நம்ப முடியவில்லை. துணியை வைத்து நீண்ட நேரம் மின்சாரத்தை ஏற்றி இறக்கி ஓட்டுவது ஒரு சோதனை. பொதுவாக வினையூக்கி இதில் தளர்ந்து போகும். என்னுடையது தேறிக்கொண்டே வருகிறது. ஆரம்பத்தில் நூற்று அறுபது மில்லிவோல்ட் கூடுதலாகக் கொடுத்தால்தான் வேண்டிய அளவு ஹைட்ரஜன் வந்தது. இன்று தொண்ணூறு போதும். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. வெறும் பிளாட்டினத்துக்கே முப்பது, முப்பத்தைந்து ஆகும்.

மன்சூர் சார் கிராஃபைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். என் கைடு அவர். இன்னும் ஒரு வருஷத்தில் ஓய்வு.

"என்னவே நம்பி, இது ஓட ஓட இளமையாவுது?"

"அதுதான் சார் எனக்கும் தெரியல."

"தெரியலைன்னா என்ன? 'தானே மேம்படும் வினையூக்கி'ன்னு தலைப்புப் போட்டு எழுதும்."

வரும் வழியில் மகாராஜநகர் உழவர் சந்தையில் புடலங்காய், முருங்கைக்கீரை. கீரையை ஆய்ந்தபடியே பிரமிளாவிடம் எல்லாம் சொன்னேன். அவளுக்கு மில்லிவோல்ட் தெரியாது. ஆனால் என் முகம் தெரியும்.

"அப்போ மே மாசம் நிச்சயமா முடிஞ்சிருமா?" என்று கேட்டாள். இரண்டு தடவை கேட்டாள்.

ஜனவரி 27, செவ்வாய்

லேபுக்கு எஸ்தர் பொன்மலர் வந்து சேர்ந்திருக்கிறார். நாசரேத்துப் பக்கம். புனேயில் பிஎச்டி முடித்து, இங்கே இரண்டு வருஷ ஆராய்ச்சிக்கு வந்திருக்கிறார். முதல் நாளே கண்ணாடிப் பாத்திரங்களை எல்லாம் மறுபடியும் கழுவினார். நான் கழுவி வைத்திருந்தவை அவை.

பிப்ரவரி 5, வியாழன்

இன்று அறுபத்தொன்று மில்லிவோல்ட்.

பிப்ரவரி 12, வியாழன்

பிரமிளா காலையிலேயே மதுரைக்குக் கிளம்பினாள். மண்டல அலுவலகத்தில் ஏதோ ஆடிட்டாம். அரக்கு நிறக் காட்டன் பட்டு கட்டியிருந்தாள். "ஆடிட்டுக்கு இவ்வளவு அழகா போகணுமா?" என்று கேட்டேன். "எண்ணெல்லாம் என்னைப் பார்த்து ஒழுங்கா நிக்கட்டும்னுதான்" என்று சிரித்தாள்.

ராத்திரி வந்ததும் ஆடிட் எப்படி என்று கேட்டேன். "நல்லா பதில் சொன்னேன்" என்றாள். ஆடிட்டில் நிறையக் கேள்வி கேட்பார்கள் போலிருக்கிறது.

பிப்ரவரி 18, புதன்

எஸ்தருக்குக் கேள்வி கேட்பதைத் தவிர வேறு வேலை இல்லையா என்று தெரியவில்லை. நான் பாட்டுக்கு ரீடிங் எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, எதிர் முனையில என்ன போட்டிருக்கீங்க?"

"பிளாட்டினம் கம்பி. எல்லாரும் போடுறதுதான்."

"கிராஃபைட் போட்டுப் பார்த்தீங்களா?"

"எதுக்கு?"

"சும்மாதான். அமிலத்துல ரொம்ப நேரம் ஓட்டுறீங்கல்லா."

பேச்சை முடித்துக்கொண்டேன். மேம்படும் வினையூக்கியைப் பார்த்தால் பொறாமை வராத ஆள் உண்டா? சின்னப் பெண் என்று விட்டுவிட வேண்டியதுதான். அப்படிச் சின்னப் பெண்ணும் இல்லை, என்னைவிட ஐந்து வயதுதான் குறைவு.

நாளையிலிருந்து சாருக்கு நோன்பு.

பிப்ரவரி 19, வியாழன்

எஸ்தர் என் மேசையில் ஒரு கிராஃபைட் கம்பியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். டிராயருக்குள் போட்டேன்.

மார்ச் 5, வியாழன்

பேப்பரை ஜர்னலுக்கு அனுப்பிவிட்டோம். சார் முதுகில் தட்டினார். வீட்டில் கேசரி. பிரமிளா என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டாள். விசாகப்பட்டினத்தில் ஒரு பெரிய பல்கலைக்கழகம் இருக்கிறதாமே, அங்கே உங்கள் துறை உண்டா என்று கேட்டாள். அவளுக்கு எதற்கு விசாகப்பட்டினம் என்று தெரியவில்லை. உண்டு என்று சொல்லிவைத்தேன்.

மார்ச் 11, புதன்

மூன்று நாளாகச் சரியான வெயில். டேங்கில் தண்ணீர் ஏறவில்லை, மோட்டார் மெக்கானிக்கைக் கூட்டிவந்து பார்த்தேன். லேபில் புதிதாக ஒன்றும் இல்லை. டிராயரைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கம்பி உருண்டு முன்னால் வருகிறது.

மார்ச் 15, ஞாயிறு

லேபில் ஆள் இல்லாத நாளாகப் பார்த்துப் போனேன். லேபில் சாவியை மறந்து வைத்துவிட்டேன், எடுத்துவரப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன்.

புதுத் துணித் துண்டு, புது அமிலம், நன்றாகக் கழுவிய பாத்திரம். பிளாட்டினம் கம்பியை எடுத்துவிட்டு கிராஃபைட்டைப் போட்டேன். நூற்று அறுபதில் ஆரம்பித்தது. அது எப்போதும் அப்படித்தான் ஆரம்பிக்கும். ஓட்டினேன். கேன்டீன் மூடியிருந்ததால் எதிரே பெட்டிக்கடையில் டீ குடித்துவிட்டு வந்தேன். நூற்று அறுபது. சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். நூற்று அறுபத்தைந்து.

துணி இளமையாகவில்லை. கொஞ்சம் வயதாகியிருந்தது.

பிளாட்டினம் கம்பியைத் திரும்பப் போட்டேன். அப்போது பார்க்க வேண்டுமே, கோடு கீழே இறங்குகிற அழகை. நூற்று ஐம்பது, நூற்று முப்பது, நூற்றுப் பத்து.

வேறு விளக்கம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. எதிர் முனையிலிருக்கும் பிளாட்டினம் அமிலத்தில் துளித்துளியாகக் கரைகிறது. கரைந்தது நீந்தி வந்து என் துணியின் மேல் படிகிறது. அதற்குப் பிறகு வேலை செய்வது என் கோபால்ட் இல்லை. பிளாட்டினத்துக்கு மாற்று கண்டுபிடித்தேன் என்று நான் எழுதி அனுப்பிய வினையூக்கிக்குள் பிளாட்டினம்.

வீட்டுக்கு வந்ததும் ஆதிரை, "சாவி கிடைச்சுதாப்பா?" என்றாள்.

கிடைத்தது என்றேன்.

மார்ச் 16, திங்கள்

ஒரு தடவை செய்ததை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. கிராஃபைட் தரம் சரியில்லாமல் இருக்கலாம்.

மார்ச் 17, செவ்வாய்

ஆதிரைக்கு லேசான காய்ச்சல். லேபுக்குப் போகவில்லை. நல்லதாகப் போயிற்று.

மார்ச் 18, புதன்

கிராஃபைட்டில் குறை இல்லை.

 என் மேசையில் கம்பி ஈரமாகக் கிடந்ததை எஸ்தர் பார்த்தார். பார்த்துவிட்டு, "டீ குடிக்கப் போவமா அண்ணே?" என்றார். போனோம். நாசரேத்தில் அவர் அப்பா மரக்கடை வைத்திருக்கிறாராம். மரத்தைப் பற்றியே பேசினோம்.

சாரிடம் இப்போது சொல்ல வேண்டாம். நோன்பு முடியட்டும். பெருநாளும் கழியட்டும்.

மார்ச் 21, சனி

பெருநாள். சார் வீட்டிலிருந்து பெரிய தூக்கில் பிரியாணி வந்தது. சாப்பிட முடியாது என்றுதான் நினைத்தேன். இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

மார்ச் 23, திங்கள்

சொல்லிவிட்டேன்.

சார் அறையில் எஸ்தரும் இருந்தார், நான்தான் இருக்கச் சொன்னேன். இரண்டு கிராஃபையும் மேசையில் வைத்தேன்.

"இது பிளாட்டினம் கம்பி. இது கிராஃபைட். மத்ததெல்லாம் ஒண்ணுதான் சார்."

சார் வெகுநேரம் பார்த்தார். "எத்தனை தடவை செஞ்சீரு?"

"நாலு."

"நாலு தடவையும் இப்படித்தானா?"

"ஆமா சார். எஸ்தர் முன்னாடியே சொன்னாங்க. நான்தான் காதுல வாங்கல."

எஸ்தர் சட்டென்று, "நான் சந்தேகம்தான் சார் கேட்டேன். புனேல எங்களுக்கும் இதே நடந்துச்சு. அங்க மூணு பேரு ஒரு வருஷத்தைத் தொலைச்சோம்" என்றார். இதை அவர் என்னிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

"பேப்பரைத் திரும்ப வாங்கிரணும் சார்" என்றேன்.

"வாங்கிரும்" என்றார். உடனே சொன்னார், ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தார். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நாங்கள் இரண்டு பேரும் வெளியே வந்தோம்.

மெயில் அனுப்பினேன். மூன்று வரிதான்.  அனுப்பியதும் நன்றாகப் பசித்தது.

மார்ச் 24, செவ்வாய்

சார் வரவில்லை.

மார்ச் 26, வியாழன்

சார் எதற்காக ஜன்னல் பக்கம் திரும்பினார் என்று இன்று தெரிந்தது. எங்கள் இருவரையும் கூப்பிட்டு ஒரு பழைய பேப்பரை எடுத்துப் போட்டார். ஆறு வருஷத்துக்கு முன்னால் வந்தது. அவர் மாணவன் தங்கமாரி செய்தது. இந்த லேபுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பேப்பர் அதுதான். அதிலும் இதே அமிலம், எதிர் முனையில் இதே பிளாட்டினம் கம்பி. அதிலும் வினையூக்கி ஓட ஓடத் தேறுகிறது.

"நம்பி, இதையும் கிராஃபைட்ல ஒரு தடவை செஞ்சு பாக்கணும்வே."

"சார், அது பழசு. யாரும் கேட்கப் போறதில்ல."

"கேட்கலைன்னா?"

நான் பேப்பரைக் கையில் எடுத்தேன்.

"இதைச் சரின்னு நினைச்சு எத்தனை பிள்ளைங்க இன்னும் செஞ்சுக்கிட்டு இருக்கோ" என்றார். "ரிடயர் ஆன பிறகு யாராவது சொல்லித் தெரியறதுக்கு இப்பவே நானே தெரிஞ்சுக்கிடுதேன். நீங்க ரெண்டு பேரும் செய்யுங்க. நான் கிட்ட வரல. வந்தா ரீடிங்கை நானே கும்பிட்டு இறக்கிருவேன்."

சிரித்துவிட்டோம். அவரும் சிரித்தார்.

ஏப்ரல் 2, வியாழன்

தங்கமாரியுடையதும் அதேதான். கிராஃபைட்டில் தேறவில்லை.

எஸ்தர் பழைய துணித் துண்டுகளை மதுரையில் ஒரு லேபுக்கு அனுப்பியிருந்தார். முடிவு வந்துவிட்டது. என் துண்டிலும் தங்கமாரி துண்டிலும் பிளாட்டினம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுதான். அந்த அளவே அதற்குப் போதும்.

ஏப்ரல் 4, சனி

சார் தங்கமாரிக்குப் போன் போட்டார். அவர் இப்போது கோயம்புத்தூரில் உதவிப் பேராசிரியர். ஸ்பீக்கரில் போடட்டுமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டார். விஷயத்தைச் சொன்னார்.  லைன் போய்விட்டதா என்று சார் போனைத் தூக்கிப் பார்த்தார்.

"இருக்கேன் சார்."

"திருத்தம் நான் எழுதுதேன்ப்பா. கைடு நான்தானே. உன் மேல ஒண்ணும் வராம..."

"வேண்டாம் சார். பேரு என்னதுதானே முதல்ல இருக்கு. நான் எழுதுறேன். நீங்க படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க." பிறகு, "அப்பவே ஒரு தடவை தோணுச்சு சார். சொல்லத் தைரியம் இல்ல" என்றார்.

"என்கிட்ட சொல்லவா தைரியம் இல்ல?"

"உங்க சந்தோஷத்தைப் பார்த்து சார்."

 சார் போனை வைத்த பிறகு, "அவ்வளவு சந்தோஷமாவா இருந்தேன்?" என்று எங்களைக் கேட்டார். ஆறு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் இங்கே இல்லை. ஆனாலும் எஸ்தர், "இருந்திருப்பீங்க சார்" என்றார்.

ஏப்ரல் 6, திங்கள்

ஆதிரை மாடிப்படி ஏறும்போது ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு என்று தெலுங்கில் எண்ணுகிறாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால், "அம்மா போன்ல ஒரு மாமி சொல்லிக் குடுக்கா" என்கிறாள். இந்தக் காலத்துப் போனில் எதை எதையோ காட்டுகிறார்கள். பிரமிளா வங்கியிலிருந்து யாரோ கூப்பிட்டால் இப்போதெல்லாம் பால்கனிக்குப் போய்ப் பேசுகிறாள். வருஷக் கணக்கு முடிக்கும் நேரம். வேலை அதிகம் இருக்கும்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் மே மாதத்தைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். பேப்பரைத் திரும்ப வாங்கியதை நான் இன்னும் வீட்டில் சொல்லவில்லை. சொல்லச் சமயம் அமையவில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

தமிழ்ப் புத்தாண்டு. வங்கிக்கும் லீவு, லேபுக்கும் லீவு. வடைக்கு உளுந்து ஊறிக்கொண்டிருந்தது. மாங்காய் நறுக்கிக்கொண்டே நான்தான் ஆரம்பித்தேன்.

"பிரமி, மே மாசம் முடியாது."

அவள் அரிவாள்மனையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "எப்போ முடியும்?"

எல்லாவற்றையும் சொன்னேன். கிராஃபைட், பிளாட்டினம், சார், தங்கமாரி. சாவி எடுக்கப் போகவில்லை என்பதையும் சொன்னேன். "முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஒரு வருஷம் ஆகும். கூடவும் ஆகலாம்."

"சாவி அன்னைக்குப் பூஜை ரூம்லதான் கிடந்துச்சு" என்றாள். "நீங்க போனதும் நான் பார்த்தேன்."

"அப்போ ஏன் கேட்கல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்." தேங்காய் மூடியைக் கீழே வைத்தாள். "எனக்கும் ஒண்ணு சொல்லணும்."

ப்ரமோஷன். விசாகப்பட்டினம். பெரிய கிளை, துணை மேலாளர். ஜூனில் சேர வேண்டும். மதுரைக்குப் போனது இன்டர்வியூவுக்கு. மே மாதம் என் தீசிஸ் முடிந்துவிடும், மூன்று பேருமாகச் சேர்ந்து போய்விடலாம், அதுவரை என் தலையில் வேறு எதையும் ஏற்ற வேண்டாம் என்று நினைத்திருக்கிறாள்.

"அப்படியா!" என்றேன்.

"நடிக்காதீங்க. உங்களுக்கு எப்போ தெரியும்?"

"அரக்குச் சேலை கட்டினப்பவே."

இந்த டைரியிடம்கூடத் தெரியாத மாதிரிதான் நடித்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் அவள் முகம் மாறியது. "வேண்டாம்னு எழுதிக் குடுத்துரவா?" என்றாள். போன வருஷமும் இப்படித்தான் எழுதிக் கொடுத்தாள். அப்போது ஈரோடு. நான் போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அவள் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து சொன்னாள். நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

"எழுதிக் குடுக்காத. போ."

"ஆதிரை?"

"என்கூட இருக்கட்டும். பள்ளிக்கூடம் இங்க இருக்கு. டிபன் கட்டுறது நான்தானே. தலைதான் சரியா வாரத் தெரியாது, அதை இந்த ஒரு மாசத்துல சொல்லிக் குடு."

"நீங்க தனியா சமாளிச்சிருவீங்களா?"

"நீ சமாளிச்சிருவியா?"

"எனக்கு அங்க கடல் இருக்கு" என்றாள். துருவலை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள். முதுகைத் திருப்பிக்கொண்டு நெடுநேரம் எதையோ கிண்டினாள். அடுப்பில் அப்போது ஒன்றும் இல்லை.

மாங்காய்ப் பச்சடியில் வெல்லம் கூடிவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை.

ஏப்ரல் 22, புதன்

எஸ்தரும் நானும் புதிதாகத் தொடங்கியிருக்கிறோம். பிளாட்டினம் கம்பியை ஒரு சின்ன டப்பாவில் போட்டு மூடி, அதன் மேல் 'தொடாதே' என்று அவர் எழுதி ஒட்டினார். பாத்திரங்கள் எல்லாம் புதுசு. என் பழைய பாத்திரங்களை மாணவர்களுடைய லேபுக்கு அனுப்பிவிட்டோம்.

மே 6, புதன்

கோபால்டோடு கொஞ்சம் இரும்பு சேர்த்தோம். துணியைச் சுடும் சூளையில் சூட்டைக் குறைத்தோம். கரண்ட் போய்விட்டது. எல்லாம் பாழ்.

மே 13, புதன்

மறுபடியும் சுட்டோம். இந்தத் தடவை கரண்ட் போகவில்லை. நூற்று முப்பது.

மே 14, வியாழன்

இரட்டைச் சடை வந்துவிட்டது. ஒன்று மேலே, ஒன்று கீழே. ஆதிரை கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பரவால்லப்பா, யாரும் பின்னால பாக்க மாட்டாங்க" என்றாள்.

மே 23, சனி

ஜர்னலில் தங்கமாரியின் திருத்தம் வந்துவிட்டது. கடைசிப் பெயராக சார் பெயர். என்ன நடந்தது, எப்படிக் கண்டுபிடித்தது என்று தெளிவாக இருக்கிறது. எங்கள் இருவர் பெயரையும் நன்றி சொல்லும் இடத்தில் போட்டிருக்கிறார்கள்.

சாருக்கு யார் யாரோ போன் செய்தார்களாம். இரண்டு பேர் துக்கம் விசாரித்தார்கள். ஒருவர் பஞ்சாபிலிருந்து, தன் மாணவிக்கும் ரீடிங் இப்படித் தேறிக்கொண்டே போகிறது, இப்போதுதான் காரணம் புரிகிறது என்று சொன்னாராம். அதை சார் எங்களிடம் மூன்று தடவை சொன்னார்.

ஜூன் 1, திங்கள்

ரயிலடிக்கு மூன்று பேரும் போனோம். பிரமிளாவுக்கு இரண்டு பெட்டி, ஒரு பை நிறையப் பொடி வகை. ஆதிரை அழவில்லை. "ஒகட்டி, ரெண்டு" என்று ஆரம்பித்து நூறு வரை தெலுங்கில் சொல்லிக் காட்டினாள். பிரமிளாவும் சேர்ந்து சொன்னாள்; அறுபதுக்கு மேல் இரண்டு பேரும் தடுமாறினார்கள்.

வண்டி நகரும்போது பிரமிளா என்னிடம், "மாவு புளிக்கதுக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வைங்க" என்றாள். எனக்குத் தெரியாதா? பல வருஷமாக மாவு அரைக்கிறவன் நான். ஆனால் சரி என்றுதான் சொன்னேன். 

வீட்டுக்கு வந்து தோசை ஊற்றினேன். ஆதிரைக்கு இரண்டு. பிறகு எனக்கு இரண்டு. மாவு மிஞ்சியது.

ஜூன் 9, செவ்வாய்

நூற்றுப் பதினெட்டு. கிராஃபைட்டோடு.

ஜூன் 16, செவ்வாய்

ஒரு வாரமாக ஓடிக்கொண்டிருக்கிறது. நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பத்தொன்பது, நூற்றுப் பதினெட்டு. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. காலையில் போனதும் முதல் வேலையாக அதைப் பார்க்கிறேன். அதே இடத்தில் இருக்கிறது. எஸ்தர், "போர் அடிக்குதுல்லா அண்ணே?" என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன்.

உலகத்தில் இதைவிட நல்ல வினையூக்கிகள் உண்டு. சார் அதை மறைக்காமல் எழுதச் சொல்லியிருக்கிறார். எழுதுவேன்.

பிரமிளாவுக்குக் கடல் தெரிகிற மாதிரி வீடு கிடைக்கவில்லை. மாடிக்குப் போய் எட்டிப் பார்த்தால் ஒரு ஓரம் தெரிகிறதாம். கிளையில் எல்லாரும் அவளை 'மேடம் காரு' என்கிறார்களாம். அதைச் சொல்லும்போது குரலில் ஒரு நிமிர்வு.

ஜூன் 20, சனி

இவ்வளவு வருஷத்தில் நான் ஹைட்ரஜனைப் பிடித்துப் பார்த்ததே இல்லை. குமிழைக் கண்ணால் பார்ப்பேன், மற்றதை மீட்டரில் பார்ப்பேன். எண் சரியாக இருந்தால் ஹைட்ரஜன் இருக்கிறது என்று அர்த்தம். இன்று ஆதிரை லேபுக்கு வந்தவள், "அதை எரிக்கலாம்னு சொன்னியே, எரிச்சுக் காட்டு" என்று நின்றாள்.

எஸ்தர்தான் ஏற்பாடு செய்தார். சின்ன டெஸ்ட் டியூபில் தண்ணீர் நிரப்பி, எங்கள் துணிக்கு மேலே கவிழ்த்து வைத்தார். குமிழ் ஒவ்வொன்றாக ஏறியது. தண்ணீர் மெல்லக் கீழே இறங்கியது. சாரும் அறையிலிருந்து வந்து நின்றுகொண்டார். நான் பிரமிளாவை வீடியோ காலில் கூப்பிட்டேன். சனிக்கிழமை, அவளுக்கு இன்று விடுமுறை இல்லை. ஆனாலும் எடுத்தாள். பின்னால் ஒரு ஆள் காசோலையோடு நின்றுகொண்டிருந்தார்.

"சீக்கிரம் சொல்லுங்க, ஆள் நிக்காங்க."

"ஒரு நிமிஷம். இதைப் பாரு."

மற்ற எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டு, டியூபைக் கவிழ்த்தபடியே தூக்கினேன். சார் தீக்குச்சியைக் கிழித்து வாயருகே கொண்டுபோனார்.

'டப்' என்றது. நாய்க்குட்டி ஒரே ஒரு தடவை குரைத்த மாதிரி. ஆதிரை துள்ளிப் பின்னால் போய் எஸ்தர் மேல் மோதினாள். டியூபின் உள்பக்கம் லேசாக ஈரம் படிந்திருந்தது.

"என்ன சத்தம்?" என்றாள் பிரமிளா.

"ஹைட்ரஜன்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

காசோலைக்காரர் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து தெலுங்கில் ஏதோ கேட்டார். பிரமிளா அவருக்குத் தெலுங்கிலேயே பதில் சொன்னாள். திக்கித் திக்கித்தான். ஆனால் சொல்லிவிட்டாள். அவர் தலையாட்டினார். எங்களைப் பார்த்துக் கையசைத்தார்.

"அவர் சரியா பாக்கலையாம்" என்றாள் பிரமிளா. "இன்னொரு தடவை செய்யுங்க."

எஸ்தர் டியூபில் மறுபடியும் தண்ணீரை நிரப்பினார்.